கைபேசியில் 1 மைக்ரான் பிக்சல் இருக்கும்போது எல்எச்சி டிராக்கர்களில் ஏன் 50 மைக்ரான்?

கேள்வி இதுதான்: கைபேசிக் கேமராவிலேயே 1 மைக்ரான் அகலப் பிக்சல்கள் வந்துவிட்டன. அப்படியிருக்க, எல்எச்சி (செர்ன் ஆய்வகத்தின் பெரிய புரோட்டான் மோதல் எந்திரம்) போன்ற துகள் மோதல் சோதனைகளில் தடங்களை அளக்கும் டிராக்கர்கள் ஏன் இன்னும் 50, 100 மைக்ரான் பிக்சல்களிலேயே நிற்கின்றன? அதையும் கட்டி முடிக்கப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஏன் ஆகின்றன?

நியாயமான கேள்வி. பிக்சலைச் சின்னதாக்குவது இந்த வேலையில் ஒரு சிறு பகுதிதான். அந்தப் பிக்சலுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும், குளிர்விக்க வேண்டும், அசையாமல் பிடித்து வைக்க வேண்டும், கதிர்வீச்சில் சாகாமல் காப்பாற்ற வேண்டும். இவை அனைத்தையும், துகளின் பாதையில் கிட்டத்தட்ட எதையுமே வைக்காமல் செய்ய வேண்டும். காலமும் பணமும் இதில்தான் போகின்றன.

முதலில், எதை அளக்கிறோம் என்று பார்ப்போம். மின்னூட்டம் கொண்ட துகள் காந்தப்புலத்தில் வளைந்து செல்லும். உந்தம் கூடக் கூட வளைவு குறையும். ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆய்வகத்தில் இருக்கும் சிஎம்எஸ் கருவியின் காந்தப்புலம் 3.8 டெஸ்லா, டிராக்கரின் ஆரம் சுமார் 1.1 மீட்டர். தடத்தின் இரு முனைகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால், நடுவில் தடம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது? 100 ஜிஇவி (நூறு கோடி எலக்ட்ரான்வோல்ட்; துகள்களின் ஆற்றலையும் உந்தத்தையும் சொல்லும் அலகு) உந்தம் கொண்ட மியூவானுக்கு, அதாவது எலக்ட்ரானின் கனமான உறவினருக்கு, விலகல் ஏறத்தாழ 1.7 மில்லிமீட்டர். 1,000 ஜிஇவி என்றால் வெறும் 0.17 மில்லிமீட்டர், அதாவது 170 மைக்ரான். இந்த உந்தத்தைப் பத்து சதவீதப் பிழைக்குள் சொல்ல வேண்டுமானால் விலகலை 17 மைக்ரானுக்குள் அளந்தாக வேண்டும். ஒரு சென்சாருக்குள் இதைச் செய்வது எளிது. ஒரு மீட்டர் இடைவெளியில் தனித்தனிச் சட்டங்களில் தொங்கும் சென்சார்களுக்கு இடையே செய்வதுதான் கடினம்.

இரண்டாவது அளவீடு, தடம் எங்கிருந்து கிளம்பியது என்பது. பி குவார்க் என்ற கனமான அடிப்படைத் துகளைக் கொண்ட துகள்களின் ஆயுள் சுமார் 1.5 பிக்கோ விநாடி. ஒளியின் வேகத்தை ஒட்டிப் பறப்பதால், சிதைவதற்குள் அவை சில மில்லிமீட்டர் போய்விடும். சிதைவில் பிறந்த தடங்களைப் பின்னோக்கி நீட்டினால், அவை மோதல் நடந்த புள்ளியில் சேராமல் கொஞ்சம் தள்ளிச் சேரும். அந்தத் 'தள்ளி'யைக் கண்டுபிடிக்கப் பத்து இருபது மைக்ரான் துல்லியம் வேண்டும். அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் சிடிஎஃப் குழு 1992-இல் சிலிக்கான் உணர்வியைப் பொருத்தியது இதற்காகத்தான். டாப் குவார்க் சிதைந்தால் பி குவார்க் பிறக்கும் என்பதால், 1995-இல் டாப் குவார்க் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டபோது அந்த உணர்வியின் பங்கு பெரியது. புரோட்டான் மோதல்களின் குப்பைக்குள் சிலிக்கான் தாக்குப்பிடிக்குமா என்று அதுவரை சந்தேகப்பட்டவர்கள் நிறைய.

இனி கைபேசிக்கு வருவோம். சிலிக்கானில் ஒரு எலக்ட்ரான்-துளை இணையை உருவாக்க 3.6 எலக்ட்ரான்வோல்ட் போதும். வேகமான துகள் ஒரு மைக்ரானுக்குச் சுமார் 80 இணைகளை விட்டுச் செல்லும். 300 மைக்ரான் தடிமனுள்ள சென்சாரில் ஏறத்தாழ 24,000 எலக்ட்ரான்கள் கிடைக்கும். கைபேசிக் கேமராவில் உணரும் அடுக்கு சில மைக்ரான் மட்டுமே. அங்கே சில நூறுதான் கிடைக்கும். இருந்தும் கைபேசியால் துகளைப் பிடிக்க முடியாது என்று சொல்ல முடியாது. லென்ஸை மூடிவிட்டுக் காத்திருந்தால் காஸ்மிக் கதிர்கள் வெண்புள்ளிகளாகப் பதிவாவதைப் பலர் காட்டியிருக்கிறார்கள். வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. கைபேசி விநாடிக்கு 30 அல்லது 60 படம் எடுக்கும். எல்எச்சியில் புரோட்டான் கொத்துகள் 25 நானோ விநாடிக்கு ஒருமுறை, விநாடிக்கு 4 கோடி தடவை குறுக்கிடுகின்றன. எந்தத் தடம் எந்தக் குறுக்கீட்டில் பிறந்தது என்று தெரியாவிட்டால் அந்தத் தகவலால் பயனில்லை.

அதனால் எல்எச்சி பிக்சல் ஒவ்வொன்றுக்கும் கீழே தனிச் சுற்று வேண்டும்: பெருக்கி, 'இது துகளா இரைச்சலா' என்று தீர்மானிக்கும் ஒப்பீட்டுச் சுற்று, நேரத்தைக் குறித்துவைக்கும் நினைவகம். நிகழ்வை வைத்துக்கொள்வதா தூக்கி எறிவதா என்ற முடிவு டிரிகர் என்ற தேர்வு அமைப்பிலிருந்து வந்துசேரச் சில மைக்ரோ விநாடிகள் ஆகும். அதுவரை தரவு அங்கேயே காத்திருக்க வேண்டும். உயர் ஒளிர்வு எல்எச்சிக்காக, அதாவது மோதல்களின் எண்ணிக்கையைப் பல மடங்கு கூட்டும் எல்எச்சியின் அடுத்த கட்டத்துக்காக, அங்கே உள்ள இரு பெரிய சோதனைகளான அட்லஸ், சிஎம்எஸ் குழுக்கள் சேர்ந்து 65 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் ஒரு சிப்பை வடிவமைத்தன. இந்தச் சுற்றை எல்லாம் அவர்களால் 50-க்கு 50 மைக்ரான் சதுரத்துக்குள் அடைக்க முடிந்தது. ஒரு சதுர சென்டிமீட்டரில் விநாடிக்கு 300 கோடி துகள் விழுந்தாலும் தாங்கும்படி அது வடிவமைக்கப்பட்டது. 1 மைக்ரான் பிக்சலுக்குக் கீழே இதையெல்லாம் வைக்க இடமே இல்லை.

50 மைக்ரான் என்பதால் பிழையும் 50 மைக்ரான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். துகள் பிக்சலுக்குள் எங்கு விழுந்தது என்று தெரியாதபோது, சராசரிப் பிழை பிக்சல் அகலத்தை 12-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது: சுமார் 14 மைக்ரான். காந்தப்புலத்தில் மின்னூட்டம் சாய்ந்து நகர்ந்து பக்கத்துப் பிக்சலுக்கும் கொஞ்சம் போகும். இரண்டுக்கும் எவ்வளவு என்று ஒப்பிட்டால் பிழை 10 மைக்ரானுக்கும் கீழே இறங்கிவிடும். இதற்காகவே சென்சார்களை வேண்டுமென்றே கொஞ்சம் சாய்த்து வைப்பதும் உண்டு.

அப்படியானால் அதையும் தாண்டிப் பிக்சலைச் சின்னதாக்கினால் இன்னும் நல்லதுதானே? இங்கேதான் விஷயத்தின் நெஞ்சுப்பகுதி வருகிறது. துகள் எந்தப் பொருளுக்குள் புகுந்தாலும், அணுக்கருக்களின் மின்புலத்தால் ஆயிரம் சிறு தட்டல்கள் வாங்கித் திசை மாறும். ஒரு பொருளில் வேகமான எலக்ட்ரான் தன் ஆற்றலில் பெரும்பகுதியை இழக்கும் தூரத்தைக் கதிர்வீச்சு நீளம் என்பார்கள். 1 ஜிஇவி துகள் கதிர்வீச்சு நீளத்தில் ஒரு சதவீதப் பொருளைக் கடந்தால், சுமார் ஒரு மில்லி ரேடியன் திரும்பிவிடும். பிக்சல் அடுக்கு மோதல் புள்ளியிலிருந்து 3 சென்டிமீட்டரில் இருந்தால், அந்தத் திருப்பம் மோதல் புள்ளியில் 30 மைக்ரானுக்கும் மேலான பிழையாக மாறும். பிக்சல் 1 மைக்ரானாக இருந்தாலும் இந்த 30 மைக்ரான் குறையாது. மோதல்களில் பிறக்கும் துகள்களில் பெரும்பாலானவை இந்த அளவு உந்தம் கொண்டவைதான்.

300 மைக்ரான் சிலிக்கான் அந்த ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. மீதி எங்கிருந்து வருகிறது? சிப், இரண்டையும் இணைக்கும் நுண்ணிய உலோக உருண்டைகள், பசை, கார்பன் நார்ச் சட்டம், குளிரூட்டும் குழாய், அதற்குள் ஓடும் திரவம், செம்பு கேபிள் இவற்றிலிருந்து. சிஎம்எஸ்ஸின் முதல் டிராக்கரில், மோசமான கோணங்களில் மொத்தப் பொருள் சுமார் 1.8 கதிர்வீச்சு நீளம் வரை போனது. ஹிக்ஸ் துகளின் சிதைவில் வரும் ஃபோட்டான்களில் கணிசமானவை, ஆற்றல் அளக்கும் கருவியைச் சேர்வதற்கு முன்பே டிராக்கருக்குள் எலக்ட்ரான்-பாசிட்ரான் இணையாக மாறிவிடும். டிராக்கர் தன் வேலையைச் செய்யும்போதே பக்கத்துக் கருவியின் அளவீட்டைக் கெடுக்கிறது. ஆகவே ஒரு டிராக்கர் வடிவமைப்பை என்னிடம் யாராவது காட்டினால், நான் முதலில் பார்ப்பது பிக்சல் அளவை அல்ல, கேபிள் எந்த வழியாக வெளியே போகிறது என்பதைத்தான்.

கேபிள் தடிக்கக் காரணம் மின்சாரம். சிப்புகளுக்கு ஒரு வோல்ட்டைச் சுற்றிய அழுத்தம்தான் வேண்டும், ஆனால் ஆம்பியர் கணக்கில் வேண்டும். குறைந்த அழுத்தத்தில் அதிக மின்னோட்டம் என்றால் செம்பு தடிக்க வேண்டும், அல்லது வழியிலேயே சூடாகி வீணாகும். இதற்கு இரண்டு வழிகள் வந்தன. ஒன்று, அதிக அழுத்தத்தில் உள்ளே கொண்டுபோய் அங்கே சிறு மாற்றிகளால் இறக்குவது. இன்னொன்று, சென்சாரும் சிப்பும் சேர்ந்த மாட்யூல்களைத் தொடராக இணைத்து ஒரே மின்னோட்டத்தை ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அனுப்புவது. புதிய பிக்சல் உணர்விகள் இந்த இரண்டாவது வழியில்தான் போகின்றன. குளிரூட்டலிலும் இதே போன்ற மாற்றம் நடந்தது. அழுத்தத்தில் கொதிக்கும் கார்பன் டை ஆக்சைடு வந்தபின், ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் குழாய்களே போதுமென்றாயிற்று. எல்எச்சிபி சோதனையின் புதிய வெலோ உணர்வியில் குழாய்கூட இல்லை. அரை மில்லிமீட்டர் சிலிக்கான் தட்டுக்குள் நுண்கால்வாய்கள் செதுக்கி அதிலேயே கார்பன் டை ஆக்சைடை ஓட்டுகிறார்கள்.

பொருளைக் குறைக்கக் குறைக்கச் சட்டம் மெலியும். மெலிந்தால் வளையும். அட்லஸ் சோதனையில் 2014-இல் ஐபிஎல் என்ற புதிய உள்ளடுக்கைப் பொருத்தினார்கள். கற்றை அச்சிலிருந்து 3.3 சென்டிமீட்டரில், 14 மெல்லிய கார்பன் சட்டங்கள். 2015-இன் தொடக்கத்தில் காஸ்மிக் கதிர்களை வைத்துச் சோதித்தபோது, சட்டங்களின் நடுப்பகுதி வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் ஏறத்தாழ 10 மைக்ரான் நகர்வது தெரிந்தது. காரணம், சட்டத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டியிருந்த செம்பு-பாலிமைடு நெகிழ்தகடு. கார்பன் ஒரு அளவில் சுருங்க, செம்பு வேறு அளவில் சுருங்க, சட்டம் வில்லாக வளைந்தது. சரி, வெப்பநிலையை இறுக்கிப் பிடித்தால் போதும் என்று பார்த்தால், அதே ஆண்டில் வேறொன்று வந்தது. கதிர்வீச்சு ஏற ஏறச் சிப்பின் டிரான்சிஸ்டர்களில் கசிவு கூடியது. அதனால் சிப் இழுக்கும் மின்னோட்டம் கூடியது, வெப்பம் கூடியது, சட்டம் மறுபடி வளைந்தது. கற்றை ஓடிக்கொண்டிருக்கும் ஒரே ஓட்டத்துக்குள்ளேயே சென்சார் இடம் மாறியது. கடைசியில் தடங்களை வைத்தே அந்த வளைவை அவ்வப்போது கணக்கிட்டுத் திருத்தும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். டிரான்சிஸ்டரில் தொடங்கிய கோளாறு தடத்தின் துல்லியத்தில் போய் முடிந்த கதை இது. மின்னணுப் பொறியாளரும் இயந்திரப் பொறியாளரும் இயற்பியலாளரும் ஒரே அறையில் உட்கார்ந்தால்தான் இப்படி ஒன்றுக்குக் காரணம் புரியும்.

சிடிஎஃப்பின் பிந்தைய சிலிக்கான் உணர்வியில் நடந்தது இதைவிட நுட்பமானது. சிப்பையும் பலகையையும் இணைப்பவை முடியைவிட மெல்லிய, ஓரிரு மில்லிமீட்டர் நீளமுள்ள அலுமினியக் கம்பிகள். தரவை வாசிக்கும் ஒவ்வொரு தடவையும் அவற்றில் மின்னோட்டம் துள்ளும். உணர்வி இருப்பதோ 1.4 டெஸ்லா காந்தப்புலத்தில். ஆகவே ஒவ்வொரு வாசிப்பிலும் கம்பிக்கு ஒரு மெல்லிய உதை விழும். சாதாரணமாக வாசிப்புகள் ஒழுங்கில்லாத இடைவெளிகளில் வருவதால் ஒன்றும் ஆகாது. சோதனைக்காக நிலையான அதிர்வெண்ணில் டிரிகர் கொடுத்தபோது, அது கம்பியின் இயல்பான அதிர்வெண்ணோடு பொருந்திவிட்டது. கம்பிகள் அதிர்ந்து அதிர்ந்து அடிப்பகுதியில் களைத்து அறுந்தன. பிறகு, டிரிகர்கள் ஒரே சீரில் வருகின்றனவா என்று கண்காணித்து உடனே நிறுத்தும் மின்பலகைகளைச் சேர்த்தார்கள். அந்தப் பாதுகாப்பு எல்எச்சி சோதனைகளுக்கும் வந்தது.

கதிர்வீச்சு தனிப் பெரும் பாடம். உயர் ஒளிர்வு எல்எச்சியின் உள்ளடுக்கு, தன் ஆயுளில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1-க்குப் பின் 16 சுழி என்ற எண்ணிக்கையை ஒட்டிய நியூட்ரான்களுக்குச் சமமான சேதத்தை வாங்க வேண்டும். படிகத்தில் அணுக்கள் இடம் பெயர்கின்றன. கசிவு மின்னோட்டம் ஏறுகிறது, முழுத் தடிமனையும் உணரவைக்கத் தேவையான மின்னழுத்தம் ஏறுகிறது, பாதி வழியிலேயே மின்னூட்டம் பொறிகளில் சிக்கிக்கொள்கிறது. கசிவு ஏறத்தாழ ஒவ்வொரு 7 டிகிரிக்கும் இரட்டிப்பாகும் என்பதால் சென்சாரை உறைநிலைக்குக் கீழேயே வைக்க வேண்டும். குளிரூட்டல் தோற்றால் கசிவு சூடேற்றும், சூடு கசிவைக் கூட்டும், இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே ஓடும். கற்றை நிறுத்தப்பட்ட மாதங்களிலும் நீண்ட நாள் வெதுவெதுப்பில் விட முடியாது. சேதம் உள்ளுக்குள் முற்றும். மின்முனைகளைச் சிலிக்கானின் மேற்பரப்பில் வைக்காமல் துளைத்து உள்ளே தூண்களாக இறக்கும் முப்பரிமாணச் சென்சார்கள் இதற்கு ஒரு நல்ல விடை. மின்னூட்டம் போக வேண்டிய தூரம் குறைவதால் சிக்குவதும் குறையும். மோதல் சோதனை ஒன்றில் முதன்முதலாக அவை ஐபிஎல்லில்தான் பயன்பட்டன.

இவ்வளவு சோதித்தும் சில கோளாறுகள் உண்மையான ஓட்டத்தில்தான் வெளிப்படும். சிஎம்எஸ் 2017 தொடக்கத்தில் பொருத்திய 12.4 கோடி பிக்சல் உணர்வியில், அதே ஆண்டு அக்டோபரில் மின்னழுத்த மாற்றிகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. கதிர்வீச்சு வாங்கிய சிப்பில் ஒரு டிரான்சிஸ்டர் கசிய, மாற்றியை அணைக்கும்போது உள்ளே அழுத்தம் கூடிச் சிப்பைக் கெடுத்தது. அணைக்காமல் விட்டிருந்தால் கெட்டிருக்காது. அந்தக் குளிர்காலத்தில் உணர்வியை வெளியே எடுத்து மாற்றிகளை மாற்றினார்கள். இன்னொன்று, அட்லஸின் புதிய டிராக்கருக்கான ஸ்ட்ரிப் மாட்யூல்கள் (பிக்சலுக்குப் பதில் நீண்ட பட்டைகள் கொண்டவை) கடுங்குளிரில் விரிசல் விட்டது. சென்சார் மீது ஒட்டிய மின்பலகைகள் சிலிக்கானைவிட அதிகம் சுருங்கி அதைக் கிழித்தன. இடையில் ஒரு பாலிமைடு அடுக்கும் மென்மையான பசையும் சேர்த்துத் தீர்வு கண்டார்கள். உற்பத்தி அதற்காகக் காத்திருந்தது. பத்துப் பதினைந்து ஆண்டு ஏன் என்பதற்கு நேரடிப் பதில் இப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கிறது.

உருவாக்கும் வரிசையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறு மாதிரிச் சென்சார்களை ஸ்லோவீனியாவின் லூப்லியானா அணு உலை போன்ற இடங்களில் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவார்கள். பிறகு செர்னிலோ ஹாம்பர்க்கின் டெசி ஆய்வகத்திலோ துகள் கற்றையில் வைப்பார்கள். முன்னும் பின்னும் நுண்பிக்சல் தளங்களை நிறுத்தி, துகள் எங்கே கடந்தது என்பதைச் சில மைக்ரானுக்குள் தெரிந்துகொண்டு, சோதிக்கும் சென்சார் என்ன சொல்கிறது என்று ஒப்பிடுவார்கள். அதன்பின் மாட்யூல் உற்பத்தி பல நாடுகளில் பங்கிடப்படும். ஜப்பானின் பெல் 2 சோதனையில் சிலிக்கான் ஸ்ட்ரிப் உணர்வியின் நான்காம் அடுக்கு, மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனக் குழுவின் பொறுப்பில் உருவானது.

கட்டி முடித்தாலும் சென்சார்கள் எங்கே இருக்கின்றன என்று மைக்ரான் அளவில் யாருக்கும் தெரியாது. சிஎம்எஸ்ஸின் முதல் டிராக்கரில் 16,588 மாட்யூல்கள். அவற்றின் இடம், சாய்வு, வளைவு எல்லாம் சேர்ந்து சுமார் இரண்டு லட்சம் அறியாத எண்கள். கோடிக்கணக்கான தடங்களைப் போட்டு அவ்வளவையும் ஒரே நேரத்தில் தீர்ப்பார்கள். ஆபத்து என்னவென்றால், டிராக்கர் முழுவதும் ஒரே சீராக முறுக்கிக்கொண்டால் ஒவ்வொரு தடமும் அழகாகவே பொருந்தும், உந்தம் மட்டும் தவறாக வரும். அதைப் பிடிக்க, நிறை நன்கு தெரிந்த இசட் போசான் இரண்டு மியூவானாகச் சிதையும் நிகழ்வுகளைப் பார்ப்பார்கள். ஒரு திசையில் நிறை கூடியும் மறு திசையில் குறைந்தும் வந்தால் எங்கோ முறுக்கு இருக்கிறது என்று பொருள்.

உயர் ஒளிர்வு எல்எச்சியில் ஒரே குறுக்கீட்டில் 200 மோதல்கள் வரை நடக்கும். சிஎம்எஸ்ஸின் புதிய வெளி டிராக்கரில் இரண்டு சென்சார்களைச் சில மில்லிமீட்டர் இடைவெளியில் ஒட்டி ஒரே மாட்யூலாக்கியிருக்கிறார்கள். துகள் இரண்டிலும் விழும் இடங்களுக்கு இடையிலான நகர்வைப் பார்த்து, 2 ஜிஇவிக்குக் குறைவானவற்றை மாட்யூலே ஒதுக்கிவிடும். மீதியை மட்டும் விநாடிக்கு 4 கோடி தடவையும் வெளியே அனுப்பும். டிராக்கர் தகவல் முதல் கட்ட டிரிகருக்கே போய்ச் சேர்வது எனக்கு இந்தத் தலைமுறையின் மிக அழகான யோசனையாகத் தெரிகிறது. இதோடு 30 பிக்கோ விநாடியை ஒட்டிய துல்லியத்தோடு நேரம் அளக்கும் அடுக்குகளும் வருகின்றன. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

கடைசியாக, உங்கள் கைபேசிக் கேமராவின் உறவினர் ஏற்கெனவே எல்எச்சிக்குள் இருக்கிறது. ஆலிஸ் சோதனையில் 2021-இல் பொருத்திய உள் டிராக்கர், படச் சென்சார்களுக்கான 180 நானோமீட்டர் சிமாஸ் முறையில் செய்யப்பட்டது. சென்சாரும் சுற்றும் ஒரே சிலிக்கானில். பிக்சல் ஏறத்தாழ 27-க்கு 29 மைக்ரான்; மொத்தம் 1,250 கோடி பிக்சல்; துல்லியம் சுமார் 5 மைக்ரான். உள்ளடுக்குகளில் சிலிக்கானின் தடிமன் 50 மைக்ரான்தான், ஓர் அடுக்கின் மொத்தப் பொருளும் ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி நின்றுவிட்டது. அடுத்த கட்டத்தில் 50 மைக்ரான் சிலிக்கானைக் காகிதம் போல வளைத்துக் கற்றைக் குழாயைச் சுற்றி அரைவட்டமாக நிறுத்தப் போகிறார்கள். வளைந்த சிலிக்கான் தானாகவே விறைத்து நிற்பதால் கார்பன் நுரைத் துண்டுகள் மட்டும் போதும். குளிரூட்ட நீர்க்குழாய் வேண்டாம், காற்றே போதும். பொருள் ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும்.

அட்லஸ், சிஎம்எஸ் உள்ளடுக்குகளில் இதை ஏன் வைக்கவில்லை என்றால், ஆலிஸ் முக்கியமாக ஈய அயனி மோதல்களைக் குறைந்த வீதத்தில் பார்க்கிறது. அங்கே சில மைக்ரோ விநாடி நேரத் துல்லியம் போதும், கதிர்வீச்சும் உயர் ஒளிர்வு எல்எச்சியின் உள்ளடுக்கைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைவு. எதிர்காலத்தில் எலக்ட்ரான்-பாசிட்ரான் மோதல் எந்திரம் கட்டப்பட்டால், அங்கே கதிர்வீச்சு குறைவாகவும் துல்லியத் தேவை அதிகமாகவும் இருக்கும். ஓர் அடுக்குக்கு 3 மைக்ரான் துல்லியம் கேட்கிறார்கள். அதற்கான மாதிரிகள் ஆலிஸின் அடுத்த கட்டத்துக்கான 65 நானோமீட்டர் சிமாஸ் வழியில்தான் இப்போது சோதிக்கப்படுகின்றன. கைபேசி போன திசையில் துகள் இயற்பியலும் போவது அங்கேதான் நடக்கும்.